அவர்களுக்கும் ஒரு கொட்டகை வேண்டாமா?



இந்தப் பகுதியில் நாம் குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதிலிருந்து நம் முழங்கால் வலி வரைக்கும் பேசியாயிற்று. இந்தத் தடவை வீட்டில் இருக்கும் பெரிய ஆண்களைப் பற்றிப் பேசலாமா? அப்பா, மாமனார், இன்னும் நாலைந்து வருஷத்தில் ரிடையராகப் போகும் நம் வீட்டுக்காரர், இவர்களைப் பற்றித்தான்.

“அவங்களுக்கு என்ன குறைச்சல்? வேளா வேளைக்குச் சாப்பாடு, பேப்பர், டி.வி. எல்லாம்தான் இருக்கே!” என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. குறைச்சல் எங்கே என்று பாருங்கள். நமக்கு அறுபது வயசானாலும் அடுப்பு இருக்கிறது, பேரப்பிள்ளை இருக்கிறது, பக்கத்து வீட்டு மாமி இருக்கிறாள். ஒரு கிண்ணம் தோசை மாவு வாங்கப் போனால் அரை மணி நேரப் பேச்சு. மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டு வந்துவிடுவோம். ஆண்களுக்கு அப்படி இல்லை. முப்பது நாற்பது வருஷம் அவர்களுடைய சிநேகிதம் எல்லாம் ஆபீஸிலும் ஆலையிலும் கடைவீதியிலும்தான். மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய மறுநாளே அந்த சிநேகிதமும் போய்விடுகிறது. போன் பண்ணி, “சும்மாத்தான் கூப்பிட்டேன்” என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. காரணம் இல்லாமல் ஒருவரைப் பார்க்கப் போவது அவர்களுக்கு வழக்கம் இல்லை.

அந்தக் காரணத்தை உண்டாக்கிக் கொடுக்க ஆஸ்திரேலியாவில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அதன் பெயர் ‘மென்ஸ் ஷெட்’. ஆண்கள் கொட்டகை என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

கொட்டகை பிறந்த கதை

ஆஸ்திரேலியாவில் தனி வீடு என்றால் பின்கட்டில் தோட்டமும், தோட்டத்து மூலையில் தகரம் போட்ட ஒரு சின்னக் கொட்டகையும் இருக்கும். சுத்தியல், ரம்பம், புல் வெட்டும் யந்திரம், உடைந்த நாற்காலி எல்லாம் அதற்குள்தான். வீட்டின் உள்பக்கம் மனைவியின் ராஜ்யம் என்றால் கொட்டகை கணவனின் ராஜ்யம். இந்தக் கொட்டகைகளையும் அவற்றில் குடியிருக்கும் ஆண்களையும் பற்றி 1995-ல் மார்க் தாம்ஸன் என்பவர் படங்களுடன் ஒரு புத்தகமே போட்டார் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

வயசான பிறகு என்ன ஆகிறது? பெரிய வீட்டை விற்றுவிட்டு, மாடிப்படி இல்லாத சின்ன வீட்டுக்கோ முதியோர் குடியிருப்புக்கோ போகிறார்கள். சமையலறை கூடவே வருகிறது. கொட்டகை வருவதில்லை. சாமான்களை யாருக்கோ கொடுத்துவிட்டு அந்த மனுஷர் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து விடுகிறார்.

தென் ஆஸ்திரேலியாவில் கூல்வா என்று ஒரு ஊர். முர்ரே நதி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே முதியோருக்காக ‘ஹெரிடேஜ் கிளப்’ என்று ஒன்று நடந்து வந்தது. 1993-ல் அதை ஒட்டி ‘தி ஷெட்’ என்ற பெயரில் ஆண்களுக்காக ஒரு பட்டறையைத் திறந்தார்கள். இதற்கு முன்கை எடுத்தவர் மேக்ஸின் கிட்டோ என்ற பெண்மணி. பட்டறையை நடத்தியவர் ஆல்ஃப் ஸ்டோக்ஸ். ஆண்களுக்கு ஒரு இடம் வேண்டும் என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு பெண் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

‘மென்ஸ் ஷெட்’ என்ற பெயரோடு முதலில் திறந்தது விக்டோரியா மாநிலத்தில் டொங்காலா என்ற சின்ன ஊரில். பால் பண்ணைகள் நிறைந்த பக்கம் அது. 1998 ஜூலை 26-ம் தேதி, டிக் மெக்கோவன் என்பவரின் பெயரில் அது திறக்கப்பட்டது. அதே வருஷம் டிசம்பரில் சிட்னி நகரத்தின் லேன் கோவ் பகுதியிலும் ஒன்று. அப்புறம் ஊருக்கு ஊர் பரவிவிட்டது. 2007-ல் எல்லாக் கொட்டகைகளுக்கும் பொதுவாக ஆஸ்திரேலிய மென்ஸ் ஷெட் சங்கம் ஏற்பட்டது. 2010-ல் அந்த நாட்டு அரசாங்கம் ஆண்களின் ஆரோக்கியத்துக்கென்றே முதன்முதலாக ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டபோது, இந்தக் கொட்டகைகளுக்கும் பணம் ஒதுக்கியது. இன்றைக்கு ஆஸ்திரேலியாவில் மட்டும் 1,000-க்கு மேல் கொட்டகைகள் இருக்கின்றன.

கடல் தாண்டியும் போய்விட்டது. அயர்லாந்தில் 2011-ல் ஒரு சங்கம், இங்கிலாந்தில் 2013-ல் ஒரு சங்கம். அயர்லாந்து நம் தமிழ்நாட்டைவிடச் சின்ன நாடு. அங்கேயே 400-க்கு மேல் கொட்டகைகள்! 2008-ல் வந்த பொருளாதாரச் சரிவில் அங்கே கட்டட வேலை அடியோடு படுத்துவிட்டது. ஐம்பது வயசுத் தச்சரும் கொத்தனாரும் திடீரென்று வீட்டில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் இந்த இடம் ஆறுதலாக இருந்தது.

உள்ளே என்னதான் நடக்கிறது?

பெரும்பாலும் ஊராட்சி கொடுத்த பழைய கட்டடமாக இருக்கும். அல்லது சர்ச்சுக்குப் பின்னால் ஒரு கூடமாக, முதியோர் இல்லத்தின் மூலையாக, ஆஸ்பத்திரியின் பழைய கிடங்காக இருக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலை வேளையில் திறப்பார்கள். அங்கத்தினர் சந்தா கொஞ்சமாகத்தான் இருக்கும். வந்தவுடன் நோட்டில் கையெழுத்து, சட்டையில் பெயர் அட்டை. பெயர் அட்டை எதற்கு என்றால், எழுபத்தைந்து வயசில் புதுப் பெயர் மனசில் நிற்காது. கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

மர வேலை பெஞ்சு, வைஸ், இழைப்புளி, உளி, ரம்பம், துளை போடும் யந்திரம், மரம் கடையும் லேத் எல்லாம் இருக்கும். ஓடுகிற யந்திரத்தை நினைத்தவுடன் தொட முடியாது. தெரிந்த ஒருவர் சொல்லிக் கொடுத்து, சரி என்று சொன்ன பிறகுதான் சுவிட்சைப் போடலாம். கால் விரலை மூடும் ஷூ கட்டாயம். கண்ணாடி, காதடைப்பு உண்டு. குடித்துவிட்டு வரக் கூடாது.

என்ன செய்கிறார்கள்? பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, ஏழைக் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸுக்கு மர பொம்மை, பூங்காவுக்குப் பறவைக் கூடு, விதவைப் பெண்மணி ஒருத்தியின் ஆடும் நாற்காலிக்குப் புதுக் கால், பழைய சைக்கிள்களைப் பிரித்து மாட்டி ஓட வைப்பது… இப்படி. சில இடங்களில் மரமே கிடையாது. தோட்டம் போடுகிறார்கள், கம்ப்யூட்டர் பழகுகிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள். மனைவியை இழந்தவர்களுக்குச் சமையல் சொல்லிக் கொடுக்கிற கொட்டகைகளும் உண்டு. ஐம்பது வருஷமாகத் தட்டைத் தேடிச் சாப்பாடு வந்தவருக்கு, முட்டை எத்தனை நிமிஷம் வேக வேண்டும் என்று எப்படித் தெரியும், பாவம்!

ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வந்தவர் வேலை செய்தே ஆக வேண்டும் என்று கிடையாது. ஒரு மூலையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகலாம். “என்னங்க, சும்மா உட்கார்ந்திருக்கீங்க?” என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் டீ வேளைக்கு மட்டும் எல்லோரும் யந்திரத்தை நிறுத்திவிட்டு வந்துவிட வேண்டும். அந்த ஊர்த் தொழிலாளர் பேச்சில் வேலை நடுவே விடுகிற இந்த இடைவேளைக்கு ‘ஸ்மோகோ’ என்று பெயர். பீங்கான் கோப்பை, பிஸ்கட் டப்பா, நீளமான மேஜை. நாலு வாரமாக வராதவர் யார், ஆஸ்பத்திரிக்குப் போனவர் யார் என்பதெல்லாம் அந்த மேஜையில்தான் தெரிய வருகிறது. ஒருவர் வரவில்லை என்றால் மறுநாள் யாராவது போய்ப் பார்க்கிறார்கள்.

தோளோடு தோள்

ஆஸ்திரேலியச் சங்கம் தன் கொள்கையாக வைத்திருக்கும் வாசகம் ஒன்று உண்டு. ஆண்கள் முகத்துக்கு முகம் பார்த்துப் பேச மாட்டார்கள், தோளோடு தோள் நின்றால் பேசுவார்கள் என்பது அதன் கருத்து.

யோசித்துப் பார்த்தால் நம் வீட்டிலும் அப்படித்தானே? “வாங்க, உட்காருங்க, மனசுல என்ன இருக்கு சொல்லுங்க” என்று எதிரில் உட்கார்ந்து கேட்டால், “ஒண்ணுமில்லே போ” என்று பேப்பரைப் பிரித்துக் கொள்வார்கள். அதே மனுஷர், ஸ்கூட்டரில் பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றால் போதும், பெண் கல்யாணக் கடனைப் பற்றி அவராகவே ஆரம்பிப்பார். கை வேலையில் இருக்கிறது, கண் வேலையில் இருக்கிறது, அதனால் வெட்கம் குறைகிறது. நடுவில் பேச்சு நின்று போனாலும் சங்கடம் இல்லை, சுத்தியல் சத்தம் இருக்கிறது.

“ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கு” என்று ஒருவர் பலகையை இழைத்துக் கொண்டே சொல்வார். “எனக்கும் அப்படித்தான் இருந்தது, பிராஸ்டேட் என்றார்கள், மாத்திரையில் சரியாப் போச்சு, நீ டாக்டரிடம் போ” என்று இன்னொருவர் பதில் சொல்வார். மனைவி பத்துத் தடவை சொல்லியும் போகாதவர், இப்போது போவார். இதைத் தெரிந்து கொண்டுதான் அங்கே நர்ஸுகளே கொட்டகைக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். ‘ஸ்பானர் இன் த வொர்க்ஸ்?’ என்று ஒரு ஆரோக்கியப் பரிசோதனைத் திட்டமே நடத்தினார்கள். காருக்கு சர்வீஸ் பண்ணுகிற மாதிரி உடம்புக்கும் ஒரு சர்வீஸ் என்று சொன்னால் ஆண்கள் சட்டென்று சட்டைக் கையை மடித்து விடுகிறார்களாம்!

உடம்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தனிமை என்பது மனசு சமாசாரம் மட்டும் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். உடம்பையும் அது தின்கிறது. 2010-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 148 ஆராய்ச்சிகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் அடங்கியவர்கள் 3 லட்சம் பேருக்கு மேல். நல்ல உறவும் சிநேகிதமும் உள்ளவர்கள், அது இல்லாதவர்களைவிட உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் 6 பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது என்று சொல்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை வியாதி, ஞாபக மறதி, மனச் சோர்வு எல்லாவற்றுக்கும் அது வழி வைக்கிறதாம். ஆஸ்திரேலியாவில் தற்கொலை செய்து கொள்கிறவர்களில் நாலில் மூன்று பேர் ஆண்கள். அதிலும் 85 வயசு தாண்டிய ஆண்களிடம்தான் விகிதம் மிக அதிகம். படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. அத்தனை வருஷம் வாழ்ந்துவிட்டு, கடைசியில் அப்படி ஒரு முடிவு எடுக்கத் தோன்றுகிறது என்றால் அந்த வீட்டின் மௌனம் எப்படி இருந்திருக்கும்!

கொட்டகைக்குப் போனால் ஆயுசு கூடும் என்று யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை. ஆராய்ச்சி செய்தவர்கள் ஜாக்கிரதையாகத்தான் சொல்கிறார்கள். போகிறவர்களிடம் கேட்டால் மனசு தேவலை, சிநேகிதர்கள் கிடைத்தார்கள், வாரத்தில் எழுந்து குளித்துக் கிளம்ப ஒரு நாள் இருக்கிறது என்று சொல்கிறார்கள். ஏற்கெனவே நடமாட்டம் உள்ளவர்கள்தானே கொட்டகைக்குப் போகிறார்கள், அதனால் அளந்து நிரூபிப்பது கஷ்டம். இருந்தாலும் மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்கிற இந்த மருந்தால் கெடுதல் ஒன்றும் காணோம்.

பொன்மலையிலிருந்து மெல்போர்னுக்கு

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் தங்கை மகள் மெல்போர்னில் இருக்கிறாள். அவளுடைய மாமனார், எங்களுக்கு சம்பந்தி, திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ரிடையரானவர். சம்பந்தியம்மா காலமான பிறகு பிள்ளை அவரை அங்கே கூட்டிக் கொண்டு போனான்.

அங்கே போனால், காலையில் பிள்ளையும் மருமகளும் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கூடத்துக்கு. தெருவில் ஒரு மனுஷ முகம் கிடையாது. கார் ஓட்டத் தெரியாது. இங்கிலீஷ் கொஞ்சம்தான். சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக் கொண்டிருப்பாராம். “டிக்கெட் எப்பப்பா?” என்ற கேள்வியைத் தவிர வேறு பேச்சு இல்லை. தட்டில் வைத்ததில் பாதி அப்படியே இருக்கும். என் தங்கை மகள் போனில் அழுதாள். “பெரியம்மா, நான் ஏதாவது குறை வைக்கிறேனோன்னு பயமா இருக்கு” என்றாள்.

அவள் ஆபீஸில் ஒரு அம்மாள் சொல்லித்தான் கொட்டகை விஷயம் தெரிந்தது. வீட்டிலிருந்து நடந்தால் கால் மணி. “மாமா, சும்மா பார்த்துட்டு வரலாம், வாங்க” என்று கூப்பிட்டதற்கு, “எனக்கு அங்கே யாரைம்மா தெரியும், என்ன பேசறது?” என்று மறுத்துவிட்டார். இரண்டாம் தடவை பேத்தி கையைப் பிடித்து இழுக்க, போனார்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. டீயை வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டார். இரண்டாவது நாள், ஒரு கிழவர் மழுங்கின உளியால் மரத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். பொறுக்கவில்லை! கையை நீட்டி உளியை வாங்கி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, தீட்டுக்கல்லைத் தேடி எடுத்துத் தண்ணீர் தெளித்துத் தீட்டிக் கொடுத்தாராம். அந்தக் கிழவர் மரத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். சுருள் சுருளாக வந்தது. அவ்வளவுதான், சுற்றிலும் இருந்த பெஞ்சுகளில் இருந்த உளி எல்லாம் சம்பந்தி முன்னால் வந்து வரிசையாக நின்றன.

பேச்சுக்கு இங்கிலீஷ் எத்தனை வேண்டும், சொல்லுங்கள்? “ஷார்ப்”, “குட்”, “டீ” மூன்று வார்த்தையில் இரண்டு மாசம் ஓடியது. அப்புறம் வார்த்தைகளும் சேர்ந்தன. அன்றைக்கு ராத்திரி மேஜையில் உட்கார்ந்து, எல்லோரும் உளியைத் தப்பான சாய்வில் பிடிக்கிறார்கள் என்று அரை மணி நேரம் குறை சொன்னாராம். “பெரியம்மா, அவர் குறை சொன்னதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டார்” என்றாள் என் தங்கை மகள்.

மனைவியை இழந்த துக்கம் அதனால் தீர்ந்து போய்விடவில்லை. இன்றைக்கும் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் பேச்சு குறைந்து விடும். ஆனால் ‘டிக்கெட் எப்போ’ என்பது நின்றுவிட்டது. விசா முடிந்து ஊர் திரும்பியவர், இப்போது பொன்மலையில் சனிக்கிழமைதோறும் திண்ணையில் தீட்டுக்கல்லோடு உட்காருகிறார். தெருவில் உள்ள அரிவாள்மணை, கத்தி எல்லாம் வந்துவிடும். பட்டறையில் கூட வேலை பார்த்த இருவரும் வந்து உட்காருகிறார்கள்.

மனைவிமார் பாடு

வெள்ளைக்காரப் பெண்கள் நடுவே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. “வாழ்விலும் தாழ்விலும் கூட இருப்பேன் என்றுதான் கல்யாணத்தில் வாக்குக் கொடுத்தேன். தினம் மத்தியானச் சாப்பாட்டுக்கும் சேர்த்து வாக்குக் கொடுக்கவில்லையே!” என்பார்களாம். நாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், மனசுக்குள் சிரித்துக் கொள்வோம். நாள் முழுக்கப் பின்னாலேயே வந்து, புளியை எங்கே வைக்க வேண்டும், கேஸை எப்படிச் சிக்கனம் பண்ண வேண்டும் என்று சொல்கிற கணவரிடம் நமக்குக் கோபம் வருகிறது. பாவம், நாற்பது பேரை மேய்த்தவர், இப்போது மேய்க்க ஒரே ஆள் நாம்தான்! வாரத்தில் இரண்டு காலை அவர் வெளியே போய்வந்தால் நமக்கும் மூச்சுவிட நேரம். அவர் வந்து சொல்ல ஒரு செய்தியும் இருக்கும். வியாதிக்காரக் கணவரை வைத்துப் பார்த்துக் கொள்ளும் பெண்ணுக்கோ, அந்த மூன்று மணி நேரம்தான் தூக்கம்.

‘ஆண்களுக்கு மட்டும் ஏன்?’ என்ற கேள்வி அங்கேயும் எழுந்திருக்கிறது. பெண்களையும் சேர்த்துக் கொள்ளும் கொட்டகைகள் இருக்கின்றன. பெண்களுக்கென்றே தனிக் கொட்டகைகளும் வந்துவிட்டன. துளை போடும் யந்திரம் பிடிக்க நமக்கும் கை இருக்கிறதே!

குறைகளும் இல்லாமல் இல்லை. எல்லா ஆண்களுக்கும் சுத்தியல் பிடிக்காது. கணக்கு எழுதியவருக்கும் வாத்தியாருக்கும் பட்டறையில் கூச்சம். காது மந்தமானவருக்கு யந்திர இரைச்சலில் பேச்சு புரியாது. ஞாபக மறதி முற்றியவரைத் துணை இல்லாமல் விட முடியாது. வாடகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் யாராவது நாலு பேர் தலையில் விழும். சில இடங்களில் ஒருவரே நாட்டாமையாகி மற்றவர்களை விரட்டிவிடுவதும் உண்டு. மனுஷர் கூடும் இடம் என்றால் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்?

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

தகரக் கொட்டகையும் லேத்தும் இல்லாமலே, அதன் சாரத்தை எடுத்துக் கொள்ளலாம்.

1. அவருக்குத் தெரிந்த வேலையைக் கேட்டு வாங்குங்கள். மிக்ஸி ஸ்விட்ச், கதவுக் கீல், பேரனின் சைக்கிள் செயின் எதுவானாலும் சரி. உண்மையிலேயே வேண்டிய வேலையாக இருக்கட்டும். பொழுதுபோக்கக் கொடுத்த வேலை என்று தெரிந்தால் மனசு நொந்து போகும்.

2. அவர் செய்து முடித்ததை நீங்கள் மறுபடி செய்யாதீர்கள். ஆணி கொஞ்சம் கோணலாக இருந்தால்தான் என்ன?

3. தனியாகச் செய்ய விடாதீர்கள். தெருவில் இன்னொரு பெரியவர் நிச்சயம் இருப்பார். “எங்க மாமாவுக்கு இந்த ஃபேனைப் பிரிக்க ஒரு ஆள் துணை வேணுமாம்” என்று சொல்லி அனுப்பினால் வந்துவிடுவார். “பேச்சுத் துணைக்கு வாங்க” என்றால் வர மாட்டார்.

4. நாளும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். செவ்வாய் பத்து மணி என்றால் செவ்வாய் பத்து மணிதான். டீயும் பிஸ்கட்டும் உங்கள் பொறுப்பு. அத்தோடு நீங்கள் உள்ளே போய்விட வேண்டும், தெரிந்ததா?

5. இடத்துக்கு மொட்டை மாடி, திண்ணை, வாசகசாலை, லீவு நாளில் பள்ளிக்கூட வராந்தா என்று எதுவும் போதும்.

6. பாதுகாப்பு முக்கியம். சர்க்கரை வியாதி உள்ளவர் செருப்பு இல்லாமல் ஆணி, தகரம் கிடக்கும் இடத்தில் நிற்கக் கூடாது. தலைசுற்றல் தரும் மாத்திரை சாப்பிடுகிறவர் ஓடும் யந்திரத்தையும் ஏணியையும் தொடக் கூடாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மரத்தூள் பக்கம் மூக்கை மூடிக் கொள்ள வேண்டும். மின்சார வேலை என்றால் மெயினை அணைத்த பிறகுதான்.

7. பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விடுங்கள். ஒரு முடிச்சுப் போட, ஒரு ஸ்க்ரூ திருக அவர்களுக்கு யார் சொல்லித் தருவார்கள்?

கடைசியாக ஒன்று. குளிக்க மனசில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி தூக்கமில்லை, “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்ற பேச்சு அடிக்கடி வருகிறது, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் போனால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். மனச் சோர்வு ஒரு வியாதி. வைத்தியம் உண்டு. டாக்டரிடம் அழைத்துப் போங்கள். முதியோருக்கான உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலிபோன் எண்கள் இருக்கின்றன. உயிரை மாய்த்துக் கொள்ளும் பேச்சு ஒரு தடவை வந்தாலும், அன்றைக்கே கூட்டிக் கொண்டு போக வேண்டும். அதுவரை தனியே விடக் கூடாது.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எந்த வேலை கைவந்தது? கடிகாரம் ரிப்பேரா, கூடை பின்னுவதா, ரேடியோவா, கணக்கா? இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். எத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நமக்குத் தெரியாத ஒரு சங்கதி வெளியே வரும். வந்ததை ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள், சகோதரிகளே. மற்றவர்களும் படிக்கட்டும்.